வெயில் வராத மும்பை பால்கனியிலும் வல்லாரை வளரும்: எந்தச் செடி, எந்த மண், எவ்வளவு சாப்பிடலாம்?

மும்பையில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பின்வாங்குவதற்குச் சொல்லும் முதல் காரணம், "எங்க வீட்டுல வெயிலே வராது" என்பதுதான். எதிர்க் கட்டடம் பத்தடி தள்ளி நிற்கும். பால்கனி வடக்கே பார்த்திருக்கும். தாராவியிலோ பழைய சால்களிலோ பால்கனியே இருக்காது, ஜன்னல் கிரில் மட்டும்தான். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். துளசிகூட நிழலில் வெளிறிப்போகும்.

இந்தக் கணக்கில் அடங்காத கீரை ஒன்று நமக்கு நன்றாகவே தெரியும்: வல்லாரை. குளக்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, கிணற்றடி என ஈரமும் நிழலும் சேரும் இடங்களில் தானாகவே படரும். நம் மண்ணிலேயே பிறந்த செடி, ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல வருஷம் இருக்கும்.

வளர்ப்பது எளிதுதான். ஆனா வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதை நல்லது கெட்டது பார்க்காமல் உறிஞ்சிக்கொள்ளும். அதை நாம் பெரும்பாலும் பச்சையாக அரைத்தே சாப்பிடுகிறோம். அதனால் மும்பையில் இந்தச் செடியைப் பொறுத்தவரை 'எப்படி வளர்ப்பது' என்பதைவிட 'எதில் வளர்ப்பது' என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில், அது வல்லாரைதானா?

இந்தக் குழப்பம் நர்சரி வாசலிலேயே ஆரம்பித்துவிடும். மும்பை நர்சரியில் 'வல்லாரை' என்று கேட்டால் பலருக்குப் புரியாது. 'பிராமி' என்று கேட்டால் இரண்டு வேறு செடிகளில் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள்.

மகாராஷ்டிராவிலும் வட இந்தியாவின் சில பகுதிகளிலும் வல்லாரையையே பிராமி என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆயுர்வேத மருந்து நூல் கணக்குப்படி பிராமி என்பது நீர்ப்பிரமி. வல்லாரைக்கு அங்கே மண்டூகபர்ணி என்று பெயர், தவளை போன்ற இலை என்று அர்த்தம். தாவரவியலில் வல்லாரை 'சென்டெல்லா ஏசியாட்டிகா', நீர்ப்பிரமி 'பகோபா மொன்னியெரி'. இரண்டும் ஈர நிலச் செடிகள்தான், ஆனா ஒன்றுக்கொன்று சொந்தம்கூட கிடையாது. வல்லாரை கொத்தமல்லி, கேரட், சீரகம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம்:

- வல்லாரை: இலை சிறுநீரக வடிவில் வட்டமாக இருக்கும், ஓரம் அலை அலையாக வெட்டியிருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஆழமான பிளவு தெரியும். தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும்.
- நீர்ப்பிரமி: சின்னதாக, தடிப்பாக, நீள்வட்டமாக, ஜோடி ஜோடியாக இலைகள். வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறப் பூ.
- அழகுக்காக விற்கும் 'காசு இலை' நீர்ச்செடி: இலை கிட்டத்தட்ட முழு வட்டம். காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி மாதிரி சேரும். பிளவு இருக்காது. இது வல்லாரை இல்லை. துவையலுக்கு வாங்கிவிடாதீர்கள்.

பெயர் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். கன்னடத்தில் ஒந்தெலகா, தெலுங்கில் சரஸ்வதி ஆகு, மலையாளத்தில் குடங்ஙல். உங்கள் மாடியில் உடுப்பி, மங்களூர் பக்கத்துக் குடும்பம் இருந்தால் 'ஒந்தெலகா தம்புளி' என்று சொல்லிப் பாருங்கள், நாற்றே கிடைத்தாலும் கிடைக்கும். இலங்கைத் தமிழர்களின் வல்லாரைச் சம்பலும் சிங்களவர்களின் கொட்டுகொல சம்பலும் இதே இலைதான். 'சிகா' என்று போட்டு விற்கும் கொரியன் ஸ்கின்கேர் கிரீம்களில் இருப்பதும் இதன் சாறுதான்.

மண்ணும் தண்ணீரும் ஏன் இவ்வளவு முக்கியம்?

புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் ஒரு இடத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று கண்டறிய வல்லாரையையே ஒரு அளவுகோலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணில் உலோகம் கூடினால் செடியிலும் கூடுகிறது. வேரில் அதிகம், இலையில் அதைவிடக் குறைவு. குறைவு என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

கீரையை எத்தனை தடவை அலசினாலும் மேலே ஒட்டிய தூசியும் மண்ணும்தான் போகும். இலைக்குள் சேர்ந்த ஈயம் அப்படியே இருக்கும். இலைக்கீரைகளில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலையின் வரம்பு. அந்த அளவைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க வழியே இல்லை.

மும்பையில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கீரைப் பாத்திகளை லோக்கல் ரயிலில் போகிற எல்லாருமே பார்த்திருப்பார்கள். 'க்ரோ மோர் ஃபுட்' திட்டத்தின் கீழ் ரயில்வே தன் ஊழியர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. அங்கே சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சுவது பல வருஷமாகவே சர்ச்சையில் இருக்கிறது.

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று காரணங்கள்:

- பெட்ரோல்: இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுமையாக நின்றது 2000-இல்தான். அதுவரை புகையாக வந்த ஈயம் சாலையோர மண்ணில் படிந்தது. ஈயம் மக்கிப்போகாது.
- பெயின்ட்: வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நவம்பர் 2017-இல்தான் அமலுக்கு வந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பழைய கட்டடங்களின் சுவரிலிருந்து உதிரும் பெயின்ட் செதில் எல்லாம் காம்பவுண்டு மண்ணில்தான் விழுகிறது.
- நிரப்பிய நிலம்: தாராவியின் பெரும்பகுதி மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு. எதை எதையோ போட்டு நிரப்பி, மேலே வீடு கட்டிய நிலம். எதிரே மித்தி ஆற்றங்கரையில், 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இன்று 37 ஏக்கரில் காடு மாதிரி நிற்கிறது. அதற்கு முன் அது நகரத்தின் குப்பைக்கிடங்கு.

இதிலிருந்து வரும் முடிவு: சாப்பிடுவதற்கான வல்லாரையைத் தரையில் நடாதீர்கள். தொட்டியில், வாங்கிய மண்ணில், குழாய்த் தண்ணீரில் வளருங்கள். சொசைட்டி காம்பவுண்டில் மா, பலா மரத்தடியில் புல்லுக்குப் பதிலாகப் படரவிட ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம், அழகாகவே இருக்கும். ஆனா அதைப் பறித்துச் சாப்பிட வேண்டாம். மழைக்காலத்தில் சாக்கடையோரம் தளதளவென்று நிற்கும் வல்லாரைக்கும் இதே விதிதான்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

காலை வெயில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ரொம்ப நல்லது. அதுவும் இல்லையென்றால் நேரடி வெயில் படாத, ஆனா பிரகாசமான இடம் போதும். செடி வைக்கப்போகும் இடத்தில் மதியம் 12 மணிக்கு லைட் போடாமல் செய்தித்தாள் படித்துப் பாருங்கள். சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் வல்லாரை வளரும். நிழல் கூடக் கூட இலை பெரிதாகி, காம்பு நீளும், அது நோய் இல்லை. காம்பு ரொம்ப நீண்டு, இலை வெளிறி, செடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தால்தான் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

நிழல் வேறு, இருட்டு வேறு. செம்பூருக்கு அடுத்த கோவண்டி, மான்குர்த் பகுதியின் மறுகுடியமர்வுக் காலனிகள் சிலவற்றில் கட்டடங்களுக்கு நடுவே சுமார் 3 மீட்டர்தான் இடைவெளி. அங்கே வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பதை, ஐஐடி மும்பையைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2018-இல் காட்டியது. பகலிலும் டியூப்லைட் எரியவேண்டிய வீட்டில் வல்லாரையும் வளராது. அங்கே மாறவேண்டியது கட்டட விதி.

தொட்டி, மண், நடவு

வல்லாரையின் வேர் ஆழமாகப் போகாது, செடி பக்கவாட்டில்தான் ஓடும். அதனால் ஆழமான தொட்டி வீண். 15 செ.மீ. ஆழம், 30 முதல் 35 செ.மீ. அகலம் போதும். அடியில் துளை கட்டாயம்.

தாராவி கும்பர்வாடாவில் அகலமான மண் சட்டிகள் கிடைக்கும். மண் சட்டியின் பக்கவாட்டில் ஈரம் ஆவியாகும் என்பதால் வெயில் மாதங்களில் இருவேளை தண்ணீர் ஊற்றவேண்டி வரும். காலையில் ஆபீஸ் போனால் ராத்திரிதான் திரும்புவேன் என்பவர்களுக்கு பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. பழைய பெயின்ட் டப்பா மட்டும் வேண்டாம்.

எடையையும் பாருங்கள். 35 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழமுள்ள வட்டத் தொட்டி சுமார் 14 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் அது 15 கிலோவைத் தாண்டும். ஜன்னல் கிரில்லில் வைப்பதானால் சின்னத் தொட்டிகளாகப் பிரித்து, உட்பக்கமாகக் கட்டி வையுங்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நர்சரியில் 'லால் மிட்டி' என்று கேட்டால் செம்மண் கொடுப்பார்கள். நார்த்தூளை ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், உப்பு போகும்.

விதையிலிருந்து வளர்ப்பது மெதுவான வேலை, வேர் விட்ட கணு இருந்தாலே போதும். மாட்டுங்கா மார்க்கெட்டில் தென்னிந்தியக் காய்கறி விற்கும் கடைகளில் வல்லாரைக் கட்டு வந்தால், அதில் வேர் ஒட்டியிருக்கும் தண்டுகளைத் தனியே எடுங்கள். பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவுக்கு ஒன்றிரண்டு இளம் இலை மட்டும் விட்டு, நாலைந்து நாள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிழலில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். புது வேர் எட்டிப் பார்த்ததும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், கணு மண்ணைத் தொடுகிற மாதிரி நடுங்கள்.

மார்க்கெட் கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ நமக்குத் தெரியாதே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். முதலில் வரும் இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். புதுக் கணுக்கள் ஓடி, உங்கள் மண்ணில் வேர் விட்டு வரும் இலைகளிலிருந்து பறிக்க ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அந்த நிலை வந்துவிடும்.

மும்பைக்கு என்று ஒரு மாதக் கணக்கு

ஊரில் அம்மாவிடம் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துத்தான் யோசனை சொல்வார்கள். மும்பையின் மழை வேறு. வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி இங்கே பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11, விலகும் தேதி அக்டோபர் 8. சாந்தாகுரூஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் சுமார் 2,300 மி.மீ. மழை. ஆண்டு மழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த நாலு மாதத்திலேயே கொட்டிவிடும். மீதி எட்டு மாதமும் ஈர நிலத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

- ஜூன் முதல் செப்டம்பர்: நடுவதற்கு ஏற்ற காலம். நம்ம ஆடிப்பட்டமும் இதற்குள் வந்துவிடும். மழை நேரடியாக அடிக்காத சன்ஷேடுக்குக் கீழே வையுங்கள். வல்லாரை ஈரம் தாங்கும், ஆனா பல நாள் மூழ்கிய தொட்டியில் வேர் அழுகும். நத்தை வந்தால் ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கிப் போடுங்கள். சாப்பிடும் இலை என்பதால் மருந்து தெளிக்க வேண்டாம்.
- அக்டோபர்: மழை நின்றதும் வெயில் சுரீர் என்று ஏறும் மாதம். பல செடிகள் சாவது இப்போதுதான். காலை, மாலை இருவேளையும் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.
- நவம்பர் முதல் பிப்ரவரி: வளர்ச்சி மெதுவாகும், காற்றில் தூசி கூடும். வாரத்துக்கு இரண்டு தடவை இலை மேல் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்.
- மார்ச் முதல் மே: மதிய வெயில் படாத மூலைக்கு மாற்றுங்கள். மே மாதம் ஊருக்குப் போகிறீர்களா? மூடியுள்ள பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியில் துளையிட்டு, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனையைப் பாட்டிலுக்குள்ளும் மறுமுனையை மண்ணுக்குள்ளும் விடுங்கள். மேலே இலை காய்ந்தாலும் கணுவில் உயிர் இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

தண்ணீருக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரே போதும். அரிசி களைந்த தண்ணீரை அன்றன்றே ஊற்றலாம், வைத்துப் புளிக்கவிட வேண்டாம். ஏசி-யிலிருந்து சொட்டும் தண்ணீர் உலோகச் சுருள்களின் மேல் வழிந்து வருவது. அதை அழகுச் செடிகளுக்கு ஊற்றுங்கள், கீரைக்கு வேண்டாம்.

தட்டில் தண்ணீர் வைக்கலாமா?

ஈரம் வேண்டிய செடிக்குத் தொட்டியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பச் சொல்லுவார்கள். மும்பையில் அதை அப்படியே செய்யாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டித் தட்டுத் தண்ணீரே போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள்தான். வீடுகளில் கொசுப்புழு கண்டால் மாநகராட்சி நோட்டீஸும் அபராதமும் விதிக்கிறது.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. தட்டில் விளிம்பு வரை ஆற்றுமணலோ பொடி ஜல்லியோ நிரப்பி, தண்ணீரை மணலின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். கொசுவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு கிடைக்காது, செடிக்கு ஈரம் கிடைக்கும். வெறும் தட்டுதான் என்றால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது.

ஞாபக சக்தி நிஜமாகவே கூடுமா?

பரீட்சை நேரத்தில் வல்லாரைத் துவையல் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை நாம். 2017-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் 11 மருத்துவப் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. வல்லாரை அறிவாற்றலைக் கூட்டுகிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. விழிப்புணர்வு, மனநிலை சார்ந்த சில அளவுகளில் மட்டும் நல்ல மாற்றம் தெரிந்தது. கீரையாகச் சாப்பிட இது தடையில்லை. ஆனா 'ஞாபக சக்தி மாத்திரை' என்று ஆன்லைனில் விற்பதற்குப் பணம் கொடுக்கும் முன் யோசிக்கலாம்.

மாத்திரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வல்லாரைத் தயாரிப்புகளை 20 முதல் 60 நாள் வரை எடுத்துக்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2005-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. நிறுத்தியதும் குணமானார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு கைப்பிடி இலை என்பது சமையல். தினமும் அடர்த்தியான சாறு என்பது மருந்து. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மருந்தளவில் எடுக்க வேண்டாம்.

பறிக்கும்போது காம்போடு சேர்த்து வெட்டுங்கள், ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், வேரைச் சமையலுக்குச் சேர்க்காதீர்கள். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

ஒரு தொட்டி வல்லாரையில் வீட்டுக் கீரைச் செலவு குறைந்துவிடாது. ஒரு தொட்டியில் வாரம் ஒரு துவையலுக்கு இலை கிடைத்தாலே நல்ல விளைச்சல். ஆனா அந்த ஒரு துவையலில் இருக்கும் இலை எந்த மண்ணில் நின்றது, எந்தத் தண்ணீர் குடித்தது என்று உங்களுக்குத் தெரியும். மும்பையில் நாம் வாங்கும் வேறு எந்தக் கீரைக்கட்டைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடிவதில்லை.